மேட்டுக்குத் தவணை கிடையாது

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மண்பாதையில், போன ஜூலை மாதம் என் சைக்கிளின் கியர் உயிரை விட்டது. பெரிய விபத்தெல்லாம் இல்லை. மழையில் ஊறிய கற்பூர மரத்து வேர் பாதையின் குறுக்கே கிடந்தது. பின்சக்கரம் அதில் வழுக்கி, வலப்பக்கமாகச் சாய்ந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து பார்த்தால் டெரெய்லர் செயினில் தொங்கிக்கொண்டிருக்கிறது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் கருவிதான் டெரெய்லர். அதைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் அலுமினியக் காது முறிந்திருந்தது. முறியட்டும் என்றே அந்தக் காதை மெலிதாகச் செய்கிறார்கள். காது போனால் புதிதாக ஒன்று மாட்டிக்கொள்ளலாம், சட்டம் போனால் சைக்கிளே போச்சு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தார்ச்சாலைக்கு இன்னும் 4 கிலோமீட்டர் இருந்தது. அத்தனையும் ஏற்றம்.

இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. டெரெய்லரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, செயினை அறுத்துக் குட்டையாக்கி, முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம் என்று நேராகக் கட்டிவிடுவது. பாதையோரம் உட்கார்ந்து செயின் கட்டரைத் திருகிக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"செயின் அந்துபோச்சா தம்பி?"

"இல்லைங்கம்மா, நான்தான் அறுக்கிறேன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்த 12 சக்கரங்களில் எதில் கட்டுவது? 51 பல் உள்ள பெரியதில் கட்டினால் ஏறச் சுலபம், ஆனால் செயின் கோணலாக ஓடும். நடுவிலிருந்த 21 பல்லைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. கியர் சைக்கிளின் பற்கள், செயின் எளிதாகத் தாவ வேண்டும் என்று சரித்துச் செதுக்கப்பட்டவை. பிடித்து நிறுத்த டெரெய்லர் இல்லாவிட்டால், கொஞ்சம் கோணல் கிடைத்தாலே செயின் தானாகப் பக்கத்துப் பெரிய சக்கரத்தில் ஏறி, இறுகிப்போய், சுற்ற மறுக்கும். செயினை நம் இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். சோடி சோடியாகத்தான் எடுக்க முடியும். தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளுக்கும் லட்ச ரூபாய் மலைச் சைக்கிளுக்கும் இந்த அரை அங்குலம் மட்டும் மாறவே இல்லை. மூன்றாவது முயற்சியில் செயின் ஒருவழியாக அடங்கி உட்கார்ந்தது.

பிறகு நடந்ததைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஐம்பது மீட்டரிலேயே சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். உட்கார்ந்து மிதித்தால் பெடல் இறங்கவில்லை. நின்று, ஒவ்வொரு காலிலும் உடம்பின் முழுப் பாரத்தையும் மாற்றி மாற்றி இறக்கி, ஹேண்டில்பாரை இழுத்து, பள்ளிக்கூட வயதில் பின்னால் கேரியரில் ஒருவனை வைத்துக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறியதுபோல ஏறினேன். இரண்டு இடங்களில் முடியாமல் இறங்கித் தள்ளினேன். தார்ச்சாலைக்கு வந்து மணி பார்த்தால் 31 நிமிடம் ஆகியிருந்தது. அதே ஏற்றத்தை முந்தின நாள் 12 கியரோடு, சீட்டில் அமர்ந்து, மூச்சு அதிகம் வாங்காமல் ஏற 38 நிமிடம் பிடித்திருந்தது.

கியர் போன சைக்கிள் எப்படிச் சீக்கிரம் ஏறும்? அதைவிடக் குழப்பமான இன்னொன்று: நெஞ்சு வெடிப்பதுபோல அடித்துக்கொண்டிருக்க, எனக்கு ஏன் அத்தனை சந்தோஷமாக இருந்தது? இந்தச் சந்தோஷத்துக்காகவே காசு கொடுத்து, கியர் இல்லாத மலைச் சைக்கிளாகத் தேடி வாங்குகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதுவரை அவர்களைக் கொஞ்சம் கிறுக்கர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மலைச் சைக்கிள் பிறந்ததே கியர் இல்லாமல்தான். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மலைப்பாங்கான வட்டாரம் இருக்கிறது. அங்கே 1970களில் சில இளைஞர்கள், பழைய சாமான் கடைகளில் கிடந்த 1930, 40களின் தடித்த டயர் சைக்கிள்களை, பெரும்பாலும் ஷ்வின் கம்பெனியுடையவற்றை, மலையுச்சிக்குத் தள்ளிக்கொண்டோ வேனில் ஏற்றிக்கொண்டோ போய், அங்கிருந்து கண்மண் தெரியாமல் இறங்கினார்கள். அந்தச் சைக்கிள்களை அவர்கள் 'க்ளங்கர்' என்றார்கள். நம் ஊர் 'டப்பா வண்டி'க்குப் பக்கத்தில் வரும். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலேயுள்ள ஒரு பாதையில் கடிகாரம் வைத்துப் பந்தயம் தொடங்கியது. மூன்று சொச்சம் கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். அந்த இளைஞர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் பிற்பாடு அதை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கி வைத்த சாதனை கடைசிவரை நின்றது.

அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்த கதை, சைக்கிள் கடையில் ஓவராயில் பார்த்திருக்கும் நமக்குச் சட்டென்று பிடிபடும். அந்த வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்தது; பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், 400 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 3,50,000 ஜூல். காற்றும் மண்ணும் அதில் பாதியை வாங்கிக்கொண்டாலும், மீதிச் சூட்டில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்து நாலு பேருக்கு டீ போடலாம். அவ்வளவும் ஒரு கைப்பிடி அளவு ஹப்புக்குள் இறங்கியது. உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து ஆவியானது. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து, பால்ரஸ்ஸைத் துடைத்து, புது கிரீஸ் திணித்தாக வேண்டும். திரும்பத் திணிப்பதுதான் 'ரீபேக்'.

இறங்குவதற்கு ஒரு கியர் போதும். ஏறுவதற்குத்தான் போதவில்லை. இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை மறுபடி மறுபடி மேலே தள்ளுவதில் அலுத்துப்போன ஃபிஷர் போன்றவர்கள் டெரெய்லரைப் பொருத்தினார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜோ ப்ரீஸ் அதற்கென்றே புதுச் சட்டம் செய்தார். அதற்குப் பிறகு கியர்களின் எண்ணிக்கை 15, 18, 21, 24 என்று ஏறிக்கொண்டே போனது. விளம்பரத்துக்கு அந்த எண்கள் வசதியாக இருந்தன. முன்னால் 3, பின்னால் 7 சக்கரம் என்றால் 21 கியர் என்பது பெருக்கல் வாய்ப்பாடு சொல்வது. அவற்றில் பல ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஏறக்குறைய ஒரே விகிதத்தைத்தான் தரும். 2012க்குப் பிறகு உயர்விலை மலைச் சைக்கிள்களில் முன்பக்கச் சக்கரங்கள் ஒன்றாகக் குறைந்தன. இன்று பெரும்பாலும் முன்னால் ஒன்று, பின்னால் பன்னிரண்டு. கியர்க்காரர்களும் ஒன்றை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டார்கள் என்று ஒற்றைக் கியர்க்காரர்கள் கேலி செய்ய இடம் கிடைத்தது.

சரி, கியர் என்னதான் செய்கிறது? பதிலைத் தேடி சைக்கிளை விட்டுவிட்டு ஒரு தவளையின் தொடைக்குப் போகவேண்டும்.

1938இல் ஆங்கில உடலியலாளர் ஏ. வி. ஹில், தவளைத் தசையை மின்சாரத்தால் தூண்டி, வெவ்வேறு எடைகளைத் தூக்கவைத்து அளந்தார். தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அவர் கண்டது இது: தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுவிசை குறையும். அசைக்கவே முடியாத பாரத்தைப் பிடித்திருக்கும்போது விசை உச்சத்தில், வேகம் பூஜ்யத்தில். வெறுங்காலை வீசும்போது வேகம் உச்சத்தில், விசை பூஜ்யத்தில். இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் திறன் இவ்விரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில், உச்ச வேகத்தின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, அதிகமாக இருக்கும். தசைக்குள் மயோசின் என்ற புரதம் கயிறு இழுப்பதுபோலப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. அந்தப் பிடித்து விடும் தாளத்துக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. மலை செங்குத்தானாலும் சமவெளி ஆனாலும் எதிர்க்காற்று அடித்தாலும், மயோசினை அதற்குப் பிடித்த தாளத்திலேயே வைத்திருப்பதுதான் கியரின் வேலை.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளியும். ஆள் 70 கிலோ, வண்டி 10 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றம். புவியீர்ப்பும் மண்ணில் டயர் உருளும் தடையும் சேர்ந்து பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 94 நியூட்டன். என் 12 கியர் வண்டியில் முன்னால் 32 பல், பின்னால் 51 பல் போட்டு ஏறினால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 1.44 மீட்டர் நகரும். அதற்குப் பெடலில் சராசரியாகக் கொடுக்க வேண்டிய அழுத்தம் 12, 13 கிலோ எடைக்குச் சமம். ஒரு அரிசிப் பையின் கனம், உட்கார்ந்தே போகலாம். அன்று நான் கட்டிய 21 பல்லில் ஒரு சுற்றுக்கு வண்டி 3.5 மீட்டர் நகரும். சராசரி அழுத்தம் 30 கிலோ. பெடல் மேலும் கீழும் நிற்கும் கணங்களில் அழுத்தம் வேலைக்காகாது என்பதால், நடுவில் உச்சத்தில் 45, 50 கிலோ வரை வேண்டும். சீட்டில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் அதைத் தொடர்ந்து கொடுப்பது கஷ்டம். எழுந்து நின்றால் 70 கிலோவும் நம் கையில்.

ஏற்றம் நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் ஆகட்டும். அப்போது உச்ச அழுத்தம் 85 கிலோவைத் தாண்டிவிடும். ஆளோ 70 கிலோதான். பெடலின் மேல் குதித்து ஏறி நின்றாலும் அது இறங்காது! கைகளால் ஹேண்டில்பாரை மேல்நோக்கி இழுத்து, அந்த இழுப்பால் உடம்பைக் கீழே தள்ளி, இல்லாத எடையை உண்டாக்க வேண்டும். ஒற்றைக் கியர்க்காரர்களுக்குத் தோளும் முதுகும் வலிப்பது ஏன் என்று புரிகிறதா? அவர்கள் கைகளாலும் மிதிக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தை ஏறி முடிக்கத் தேவையான மொத்த வேலை எந்தக் கியரிலும் ஒன்றேதான், சுமார் 94 கிலோஜூல். மலை தள்ளுபடி கொடுப்பதில்லை. கியர் கொடுப்பது தவணை. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து 11, 12 நிமிடத்தில் சிறுகச் சிறுகக் கட்டலாம்; திறன் 135 வாட் போதும், பழகிய ஆள் மணிக்கணக்கில் தாங்குவார். ஒற்றைக் கியரில் நிமிடத்துக்கு 40 சுற்றை ஒட்டியாவது மிதிக்காவிட்டால், பெடல் மேலும் கீழும் நிற்கும் கணங்களில் வண்டி தடுமாறி நின்றுவிடும். 40 சுற்று மிதித்தால் 7 நிமிடத்தில் உச்சிக்கு வந்துவிடுவோம், 220 வாட் கொடுத்து. மெதுவாகப் போகிறேன் என்று சொல்ல அங்கே வழியில்லை. ரொக்கமாகக் கட்டு, அல்லது இறங்கி நட. என்னுடைய 31 நிமிட ரகசியம் அவ்வளவுதான். முந்தின நாள் நான் 38 நிமிடத்தில் ஏறியது, கியர் என்னை மெதுவாக்கியதால் இல்லை. மெதுவாகப் போகலாம் என்ற வசதி இருந்ததால், நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வசதியைப் பற்றி சைக்கிள் உலகத்தில் நூறு வருடத்துக்கு முன்பே பெரிய சண்டை நடந்திருக்கிறது. பிரான்ஸில் செந்த்-எத்தியென் ஊரைச் சேர்ந்த பால் த விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில், பல கியர் சைக்கிளுக்காக வாழ்நாள் முழுக்க எழுதினார். எழுதியதோடு நிற்காமல் மலை மலையாக ஏறியும் காட்டினார். எதிர்ப்பக்கம் நின்றவர் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச். கியர் மாற்றுவதெல்லாம் வயதானவர்களுக்கு, வீரனுக்குத் தசைதான் அழகு என்பது அவர் கட்சி. அவர் பிடிவாதத்தால் 1937 வரை அந்தப் பந்தயத்தில் டெரெய்லருக்கு இடமில்லை. வீரர்களின் பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். உச்சியில் மறுபடி இறங்கித் திருப்புவார்கள். இந்தச் சண்டையில் நான் வெலோசியோ பக்கம்தான். கூலிக்கு மிதித்தவர்கள் மேல் ஒரு பத்திரிகை ஆசிரியர் தன் அழகுணர்ச்சியை ஏற்றிவைத்தது வீரமும் இல்லை, விளையாட்டும் இல்லை. நாமாக விரும்பி ஒற்றைக் கியரை எடுத்துக்கொள்வது வேறு சங்கதி.

விரும்பி எடுத்துக்கொண்டால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு குதிரைக் கதை உண்டு. 1981இல் ஹோய்ட், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சிறிய குதிரைகளை ஓடுபொறியில் ஏற்றி, முகமூடி மாட்டி, அவை உள்ளே இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். குதிரைக்கு நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் என்று மூன்று கதிகள். ஒரு கதியின் வழக்கமான வேகத்தைத் தாண்டியும் அதே கதியில் சொன்னபடி ஓட அவற்றைப் பழக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கதிக்கும் தனித்தனியாக ஒரு சிக்கன வேகம் இருந்தது. அதைத் தாண்டி அதே கதியில் வற்புறுத்தினால் செலவு எகிறியது. சுதந்திரமாக விட்டபோது குதிரைகள் ஒவ்வொரு கதியிலும் அந்தச் சிக்கன வேகத்தை ஒட்டியே ஓடின. யாரும் அவற்றுக்குக் கணக்குச் சொல்லித் தரவில்லை. கால்களுக்குக் கியர் பெட்டி கிடையாது, கதிதான் கியர். நமக்கும் அப்படித்தான். வேக நடையைக் கூட்டிக்கொண்டே போனால் மணிக்கு 7 கிலோமீட்டரை ஒட்டி, கால்கள் தாமாகவே ஓட்டத்துக்கு மாறிக்கொள்கின்றன.

ஒற்றைக் கியர்க்காரர்களிடம் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு இருக்கிறது: எங்கள் வண்டியிலும் மூன்று கியர் உண்டு, உட்காருவது, நிற்பது, இறங்கித் தள்ளுவது. வேடிக்கையாகச் சொன்னாலும் அறிவியலாக அது அப்படியே சரி. உட்கார்ந்து மிதிக்கும்போது தொடையின் முன்தசை அதிகம் உழைக்கிறது. எழுந்து நின்றால் உடல் எடை நேரடியாகப் பெடலில் இறங்குகிறது, இடுப்பும் தோளும் வேலைக்கு வருகின்றன. சமதரையில் அது வீண் செலவு, செங்குத்தில் லாபம். அதையும் மீறினால் தள்ளுவது, அதாவது மனிதக் கால்களுக்கு லட்சக்கணக்கான வருடம் பழகிப்போன நடை. சைக்கிளிலிருந்து கழற்றியெடுத்த கியர்கள் உடம்புக்குள் குடியேறிவிடுகின்றன. அந்தக் கோத்தகிரி ஏற்றத்தில் நான் யோசிக்கவே இல்லை. எப்போது எழுவது, எப்போது இழுப்பது என்று உடம்பே மாற்றிக்கொண்டிருந்தது, அந்தக் குதிரைகளைப் போல. என் சந்தோஷத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கியர் வண்டியில் கட்டைவிரல் செய்யும் வேலையை அன்று முதுகெலும்பு செய்தது.

இன்னொரு மாற்றம் கண்ணில். ஒற்றைக் கியரில் போகிறவர் பாதையை வேறு மாதிரி படிக்கிறார், ஏனென்றால் வேகம் அவருக்குச் சேமிப்பு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, மிதிக்காமலே தன் வேகத்தைக் கொண்டு ஏறக்கூடிய உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். 30 கிலோமீட்டர் என்றால் மூன்றரை மீட்டர், ஒரு மாடி உயரம். ஆள் குண்டா ஒல்லியா என்பது இதில் கணக்கே இல்லை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரம் கூடுவதால், குறைவதும் அப்படியே. வளைவுக்கு முன்னால் பயந்து பிரேக் பிடித்து 20லிருந்து 10க்கு வந்தால், வேகத்தில் பாதி போனது போலத் தோன்றும். சேமிப்பில் முக்கால்வாசி போயிருக்கும். கியர் வண்டிக்காரர் அதைப் பொருட்படுத்த மாட்டார், விரலை அசைத்து இலகுவான கியருக்குப் போய்விடுவார். ஒற்றைக் கியர்க்காரர் இழந்த அந்த 1.2 மீட்டர் உயரத்தைத் தொடையால் திரும்பக் கட்டவேண்டும். அதனால் அவர் வளைவுக்குப் பின்னால் என்ன மேடு இருக்கிறது என்று முன்கூட்டியே தேடுகிறார், பிரேக்கைத் தொடத் தயங்குகிறார், இறக்கத்தின் கடைசி நான்கு சுற்றுகளை வேகமாக மிதித்து வைத்துக்கொள்கிறார். பாலத்து ஏற்றத்துக்கு அரை பர்லாங் முன்னாலேயே வேகம் எடுக்கிற பால்காரரையும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் கவனித்தவர்களுக்கு இது புதிதில்லை. நம் ஊரில் கோடிக்கணக்கானவர்கள் வேறு வழியில்லாமல் கற்ற வித்தை இது. காலைச் சட்டத்துக்குள் விட்டுக் குரங்கு பெடல் அடித்த வயதிலேயே நாமும் கற்றிருக்கிறோம். கியர் வண்டி வாங்கியதும் மறந்துபோகிறது.

ஒற்றைக் கியர் ஆதரவாளர்கள் சொல்லும் எல்லாவற்றையும் நம்பிவிடத் தேவையில்லை. செயின் நேராக ஓடுவதால் சக்தி விரயம் பெரிய அளவில் குறைகிறது என்பார்கள். 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரும் குழுவினரும் செயினை மோட்டாரில் ஓட்டி, அகச்சிவப்புக் கேமராவால் எங்கே சூடாகிறது என்று பார்த்தார்கள். நன்றாக அமைந்த செயின் 98.6 சதவீதம் வரை சக்தியைக் கடத்தியது, மோசமான நிலையில் 81. செயல்திறனைக் கூட்டியவை இரண்டு: செயினின் இறுக்கம், பல்சக்கரத்தின் பெரிய அளவு. பெரிய சக்கரத்தில் கண்ணிகள் குறைவாக மடங்குவதால் உரசல் குறைகிறது. எந்த எண்ணெய் போட்டோம் என்பது ஆய்வுக்கூடத்தில் பெரிதாக வித்தியாசம் காட்டவில்லை. செயின் எண்ணெய்க்கு வாரத்துக்கொரு புது பிராண்டு தேடுகிற என் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். மொத்தத்தில், நன்றாகப் பராமரித்த கியர் வண்டிக்கும் ஒற்றைக் கியருக்கும் செயினில் வரும் வித்தியாசம் சில சதவீதம். எடையில் ஒரு கிலோவை ஒட்டி மிச்சம். அதற்காக மட்டும் யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள். சேற்றில் சிக்கி முறிய டெரெய்லர் இல்லை, ஓட்டத்தில் ஃப்ரீவீலின் கிடுகிடுப்பைத் தவிரச் சத்தம் இல்லை என்பவை உண்மையான வசதிகள்.

நஷ்டக் கணக்கும் பெரியது. நான் கட்டிய 21 பல்லில், சமதரையில் நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தாலும் மணிக்கு 21 கிலோமீட்டர்தான். அதற்குமேல் கால் சும்மா சுழலும், ஸ்கூட்டி ஓட்டும் பாட்டி கூட முந்திப் போவார். முழங்காலுக்குப் பாரம் நிச்சயம் அதிகம். ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர்கள் கிட்டே போகாமல் இருப்பது உத்தமம். தசைக்குள்ளும் ஒரு விலை உண்டு. மெதுவான, அழுத்தமான மிதிக்கு உடம்பு தன் வேக இழைகளையும் அழைக்கிறது; அவை பலசாலிகள், ஆனால் சீக்கிரம் காலியாகிறவை. ஒரே அளவு ஆக்சிஜன் செலவில் நிமிடத்துக்கு 50 சுற்றும் 100 சுற்றும் மிதிக்கவைத்துப் பார்த்த 1992ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 50 சுற்றில்தான் வேக இழைகளின் சர்க்கரைச் சேமிப்பு அதிகம் கரைந்திருந்தது. பழகிய சைக்கிள்காரர்கள் ஆக்சிஜன் கணக்கில் கொஞ்சம் நஷ்டப்பட்டாலும் 80, 90 சுற்றில் லேசாக மிதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஒற்றைக் கியரில் அந்தத் தேர்வும் மலையின் கையில். அன்று மாலை படியிறங்கும்போது என் தொடைகள் சொன்னது இதைத்தான்.

இதையெல்லாம் தெரிந்தும் இவர்கள் கூடிக் கொண்டாடுகிறார்கள். ஒற்றைக் கியர் மலைச் சைக்கிளுக்கென்று உலகப் போட்டி 1990களிலிருந்து நடக்கிறது. 2007இல் ஸ்காட்லாந்தின் ஏவிமோரில் நடந்தது, 2010இல் நியூசிலாந்தின் ரோட்டோருவாவில். வேஷம் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அதிகம். ஜெயித்தவருக்குக் கோப்பைக்குப் பதில் உடம்பில் பச்சை குத்துவார்கள். கழற்றி அலமாரியில் வைக்க முடியாத பரிசு!

அந்த ஜூலைக்குப் பிறகு, பரணில் கிடந்த பழைய இரும்புச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள சைக்கிள் கடைக்குப் போனேன். பழைய சட்டமாகத் தேடியதற்குக் காரணம் உண்டு. புதுச் சட்டங்களில் பின்சக்கர அச்சு செங்குத்தான காடியில் உட்காரும். சக்கரத்தை முன்பின் நகர்த்தி செயினை இறுக்க முடியாது. பழையதில் காடி படுத்தவாக்கில் இருக்கும், கறுப்புச் சைக்கிள் மாதிரியே நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயினை விரலால் ஆட்டிப் பார்த்து இறுக்கிவிடலாம். கடைக்கார அண்ணன் நாற்பது வருடமாகச் செய்கிற வேலை அது. சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, கிராங்கைச் சுற்றிப் பார்த்தார்.

"பின்னாடி எத்தனை பல்லு தம்பி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு பல் கூடினால் பெடல் ஐந்து சதவீதம் இலகுவாகும், வேகம் ஐந்து சதவீதம் குறையும். காகிதத்தில் அற்பம், ஏற்றத்தின் கடைசி முப்பது மீட்டரில் தள்ளுவதா ஏறுவதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். வீட்டிலேயே உட்கார்ந்து, அன்றைய மலைக்கு முழுவதுமாக ஒரே ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். பாதி வழியில் மாற்றிக்கொள்ள முடியாது. இரண்டு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தேன்.

"20 போடுங்கண்ணே."

அவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். நான் கொஞ்சம் யோசித்து, "22லயும் ஒண்ணு இருந்தா எடுத்து வையுங்க, பையில கிடக்கட்டும்" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "கியரே வேணாம்னுதானே வந்தீங்க?"